மயிலுக்கு அடித்த தகரம்

விசுவமடு
09.11.2024

றிபாஸ்,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர். முகநூலில் நட்பிலிருந்து தூக்கிவிட்டீர். போன் எடுத்தால் உடனே கட்டாகிறது. மின்னஞ்சலை அடைக்க மட்டும் மறந்துவிட்டீர். ஆகவே பழைய காலத்து மனிதர்கள் மாதிரி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். வாசிக்காமல் அழித்தால் அழியும், எழுதின புண்ணியம் எனக்கு.

உம்முடைய கோபம் எதற்கென்று தெரியும். கிளிநொச்சிக் கூட்டத்தில் நான் பேசினதில் ஒரு சின்னத் துண்டை வெட்டி யாரோ முகநூலில் போட்டிருக்கிறார்கள். அதை நீர் தோஹாவில் பார்த்திருக்கிறீர். முழுப் பேச்சையும் கேட்டிருந்தால் இன்னும் கூடக் கோபம் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

சுதாகரனின் முதல் ஆல்பம் ‘மூன்றாம் போகம்’ வெளிவந்து இந்த வருடத்தோடு பத்து வருடம். எங்களோடு செயின் கழன்ற சைக்கிளில் திரிந்த சுதா இன்று பாரிஸில் ‘வான்கதவு’ என்ற பெயரில் பெரிய ஆள். குளத்தின் வான்கதவு மாதிரி, திறந்தால் மூடமாட்டான் என்று அந்தப் பெயரை வைத்தவரே நீர்தான். வன்னியிலிருந்து வந்த முதல் ராப் ஆல்பம், தமிழ் ராப்பின் திருப்புமுனை என்று ஊரும் வெளிநாடும் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடுகின்றன. வவுனியாவிலிருந்து வரும் ஒரு சஞ்சிகை சிறப்பிதழ் போடுகிறது. ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் புகழுக்கு அந்த ஆல்பம் தகுமா?

என்னிடம் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த ஆல்பத்தை முதன்முதலில் பத்திரிகையில் தூக்கிவைத்து எழுதியவள் நான். யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அந்தக் கட்டுரையை இப்போது எடுத்து வாசித்தேன். பந்திக்குப் பந்தி ‘அற்புதம்’. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வெட்டிவிடுவேன். ஆகவே திரும்பவும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் கூட்டத்தில் சொன்னேன்: அந்த ஆல்பத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி பாட்டுக்கு, மற்றப் பாதி எங்கள்மேல் வந்த பரிதாபத்துக்கு.

இதைச் சொல்ல எனக்கு மட்டும் இனித்ததா? ஆனால் கட்டுரையில் பொய் எழுதமாட்டேன். அதற்கு உம்முடைய உதவி வேண்டும். எட்டுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்தவர் நீர். அது எப்படி உருவானது என்று சுதாவைக் கேட்டால் நேர்காணல்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையைத்தான் அவிழ்க்கிறான். உம்மிடம் உண்மை இருக்கும். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதும்.

மழை விட்டபாடில்லை. அம்மா உம்மைச் சுகம் விசாரிக்கச் சொன்னா. நாங்கள் சண்டை பிடித்திருப்பது அவவுக்குத் தெரியாது.

யது


தோஹா
16.11.2024

மதிப்புக்குரிய யதுர்ஷிகா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. அம்மாவுக்கு நான் சுகம் என்று சொல்லுங்கள்.

அந்த வீடியோவை நானாகத் தேடிப் பார்க்கவில்லை. என்னோடு அறையில் இருக்கும் சுகிர்தன் கிளிநொச்சிப் பெடியன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை நீட்டினான். “றிபாஸ் அண்ணை, உங்கட ஆள் பேசுறா, பாருங்கோ” என்றான். அறையில் எல்லாருக்கும் அந்த ஆல்பம் பாடம். அட்டையில் என் பெயர் இருப்பதைக் காட்டிக் காட்டித்தான் நான் இங்கே பெரிய மனிதன் வேடம் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நீங்கள் ‘பரிதாபம்’ என்று சொன்ன இடத்தில் சுகிர்தன் வீடியோவை நிற்பாட்டிவிட்டான். அவன் நல்ல பெடியன். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

நீங்கள் படித்தவர், எழுதுபவர். உங்களுக்கு இது பத்துக் கட்டுரையில் ஒரு கட்டுரை. எனக்கு என்ன என்று சொல்கிறேன். முஸ்லிம்கள் என்பதால் எங்கள் ஆக்களுக்குத் தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவை விட்டுப் போகவேண்டி வந்தது. நான் பிறந்தது புத்தளத்தில், அகதி முகாமில். எங்கள் ஊர், எங்கள் கடல் என்று வாப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். சண்டை முடிந்து வாப்பாவோடு திரும்பி வந்தபோது எனக்கு அந்த ஊரில் ஒரு மரத்தைக்கூடத் தெரியாது. எல்லாருக்கும் நான் ‘புத்தளத்துப் பெடியன்’. வாப்பாவின் கடைக்குப் பின்னால் உமி மூட்டைகளைச் சுவராக அடுக்கி, அதற்குள் இருந்து சுதாவின் குரலைப் பதிவு செய்தேன். ஆல்பம் வந்த பிறகு சந்தையில் மீன்காரர் ஒருவர் என்னைக் காட்டி, “இது எங்கட றிபாஸ், அந்தப் பாட்டு அடிச்ச பெடியன்” என்றார். எங்கட என்றார். வாப்பா அன்றைக்குப் பாரை மீன் வாங்க வந்தவர், விலையைக்கூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

உம்மா இன்றைக்கும் அந்த அட்டையைக் கண்ணாடி அலுமாரியில் நல்ல கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் இங்கே ஏசி திருத்துகிறேன். ஊருக்கென்று நான் செய்த காரியம் அது ஒன்றுதான். வேறு இல்லை.

பரிதாபம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பரிதாபப்பட்டவர்கள் அரிசி தந்தார்கள், சீனி தந்தார்கள், படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தராவது இருந்து பாட்டுக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

உங்கள் கட்டுரையை நீங்கள் விரும்பியபடி எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
றிபாஸ்


விசுவமடு
24.11.2024

றிபாஸ்,

‘நீங்கள்’, ‘அவர்கள்’, ‘இப்படிக்கு’. நல்லாக அடித்தீர். பதின்மூன்று வருடமாக ‘நீர்’ என்று கதைத்த வாய், ஒரே கடிதத்தில் என்னைக் கல்விப் பணிப்பாளர் ஆக்கிவிட்டது. இதைவிட நேரே ஏசியிருக்கலாம்.

வாப்பா பாரை மீன் வாங்கின கதையை நீர் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. சுகிர்தன் முன்னால் உம்மைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன கருத்துக்குக் கேட்கமாட்டேன்.

நான் உயரத்தில் நின்று கதைக்கிறேன் என்று நினையாதேயும். வவுனியாவில் கம்ப்யூட்டர் கோர்ஸில் நாங்கள் மூவரும் ஒரு கொத்துரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. சீடி அடித்து எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறின நாளையும் மறக்கவில்லை. கண்டக்டரைக் கெஞ்சி, ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிற்பாட்டி, எங்கள் சீடியைப் போடவைத்தீர். சுதா வெட்கத்தில் சீற்றுக்குக் கீழே குனிந்துவிட்டான். நெடுங்கேணி தாண்டமுதல் ஒரு பெரியவர் எழும்பி, “தம்பி, உந்தச் சன்னதத்தை நிப்பாட்டுங்கோ, தலை இடிக்குது” என்றார். முன்சீற்றில் இருந்த பொம்பிளை திரும்பி, “விடுங்கோ ஐயா, எங்கட பெடியள்தானே, கத்தட்டும்” என்றா. ஜன்னலால் காட்டுக் காற்று வந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே நல்ல பாட்டு அதுதான் என்று அன்றைக்கு நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

இப்போது பயமே அதுதான். நான் கேட்பது பாட்டையா, அந்த பஸ்ஸையா? அந்தக் காற்றும் உங்கள் இரண்டு பேருடைய முகமும் இல்லாமல், ஒரு முறையும் எங்களைக் காணாத ஒருத்தி கேட்டால் என்ன சொல்வாள்? ‘காசு கார் கண்ணாடி’ என்று ஒரு பாட்டு. பாடினவனிடம் சைக்கிளுக்குச் செயின் இல்லை. ‘பஸ் ஸ்டாண்ட் தேவதை’யை இப்போது கேட்டால் என் காது கூசுகிறது. இதையெல்லாம் திருப்புமுனை என்று எழுத என்னால் ஏலாது.

எல்லாவற்றிலும் எனக்கு வலிக்கிற பாட்டு ‘தகரம்’. அதைப் பற்றிக் கட்டுரையில் எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன். முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்று சொல்லக் கூடாது.

“ஆல்பத்தின் புகழுக்குப் பெருங்காரணம் ‘தகரம்’. அதன் பின்னணியில் ஒழுங்கில்லாமல் விழும் அடிகளை, ஷெல் விழும் ஓசை என்று வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதினார்கள். சிதைந்த மனத்தின் தாளம் என்றார் ஒருவர். உண்மையில் இது ஒரு தகரத் துண்டைக் கணினியில் உருட்டிப் பிரட்டி, எங்கள் சாவை ஏற்றுமதி செய்த பாட்டு.”

பிழை என்றால் எங்கே பிழை என்று சொல்லும். சும்மா கோபிக்க வேண்டாம்.

‘நீர்’ என்று எழுதினால் மட்டும் பதில் எழுதுவேன்.

யது


தோஹா
08.12.2024

யது,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ‘சாவை ஏற்றுமதி செய்த பாட்டு’ என்ற வரியை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் ஏசி பழுது. மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுவேன், இங்கே எனக்கு அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்முடைய வரிதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கை இப்போது மீறப்போகிறேன். அவர் இல்லை என்பதால் மட்டும் அல்ல. அவர் இருந்து இதை வாசித்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அது ஷெல் இல்லை, யது. மயில் கலைக்கிற சத்தம். அடித்தது உம்முடைய அப்பா.

2014, தைப்பொங்கல் கிட்டின நேரம். நீர் யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தீர். சுதாவுக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் வேண்டுமாம். தெரிந்த வயல் உங்கள் வயல்தான். அம்மா வாய்ப்பனும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினா. வாய்க்காலைப் பதிவு செய்து கேட்டால், யாரோ சுவரோரம் நின்று ஒன்றுக்குப் போகிற மாதிரிக் கேட்டது. சுதா தலையில் கையை வைத்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டான்.

வெயில் சாய்கிற நேரம் காட்டுப் பக்கமாக மயில்கள் இறங்கின. கதிர் பால் பிடித்த பருவம். கதிர்காமநாதன் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாலை மரக் கொப்பில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. மீளக் குடியேறின வருடம் தற்காலிக வீட்டுக்குத் தந்த கூரைத் தகரத்தில் மிஞ்சினதாம். ஒரு இரும்புக் கம்பியால் அடித்தார். டங். டடங். பிறகு ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நேரம் திரும்பவும் டங். என் கையில் ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயா, ஒரு தாளத்துக்கு அடிக்கலாமே?” என்று நான் கேட்டேன். சிரித்தார்.

“தாளத்துக்கு அடிச்சா அவர் பழகிப்போவார் தம்பி. பிறகு தகரத்துக்குக் கீழயே நிண்டு மேய்வார். அடுத்தது எப்ப விழும் எண்டு தெரியாட்டித்தான் பயம் இருக்கும்.”

“வெடி வைக்கிறேல்லையோ?” என்றான் சுதா.

“விசர்க் கதை கதையாத. முருகன்ர வாகனம். சுடவும் கூடாது, நஞ்சும் வைக்கக் கூடாது. சத்தம் போடலாம், அதுக்கு அவர் ஒண்டும் சொல்லமாட்டார்.”

அந்தப் பதிவைப் பாதி வேகத்துக்கு இழுத்து, அதற்கு மேல்தான் சுதாவைப் பாடவைத்தேன். அதனால்தான் உமக்கே பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் வயலுக்குப் போய் அவருடைய காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

“பாட்டெண்டா மிருதங்கம் வேணும், வயலின் வேணும். இது சுடுசோற்றை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. என்ர பேரை அதில போட்டிராத. கோயிலடியில தலைகாட்டேலாது. யதுவுக்கும் சொல்லாத, அவள் என்னைப் பகிடி பண்ணியே கொண்டுபோடுவாள்.”

வாக்குக் கொடுத்தேன். அவர் கண் மூடினது கொரோனா நேரம். என்னால் வர முடியவில்லை. போனில் நீர் அழுதுகொண்டிருந்தபோது இதை எப்படிச் சொல்வது? பிறகு நாள் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நம்பாவிட்டால் யூடியூபில் ‘தகரம்’ போட்டு, வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேளும். சுதா வாயைத் திறக்குமுதல் தகரம் மட்டும் கொஞ்ச நேரம் வரும். அது போதும்.

றிபாஸ்


விசுவமடு
10.12.2024

றிபாஸ்,

பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் முன்வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு உம்முடைய கடிதத்தை வாசித்தேன். பிறகு நீர் சொன்னபடி போனில் போட்டேன். இரண்டு மடங்கு வேகம்.

முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்கமுதல் அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டா. கையில் அகப்பை, அதில் சொதி சொட்டிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் போய் நின்று வயலைப் பார்த்தா.

“ஆர் பிள்ளை தகரம் அடிக்கிறது?” என்றா. பிறகு, “கொப்பர் அடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு” என்றா.

அதற்குள் சுதா தொடங்கிவிட்டான். இரண்டு மடங்கு வேகத்தில் அவனுடைய குரல் அணில் கத்துகிற மாதிரி இருந்தது. அம்மா விளங்காமல் திரும்பிப் பார்த்தா. நான் சொன்னேன், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து என்னால் ஒழுங்காகச் சொல்லக்கூட ஏலவில்லை. அம்மா வந்து என்னுடைய கதிரையிலேயே இடித்துக்கொண்டு இருந்தா.

“திருப்பிப் போடு” என்றா. “அந்தப் பெடியன் கத்தமுதல் நிப்பாட்டு.”

அப்படியே திருப்பித் திருப்பிப் போட்டோம். அடுப்பில் சொதி திரைந்துபோனது. கடைசியில் அம்மா கேட்டா, “பாடுறது ஆர், அந்தச் செயின் கழண்ட பெடியனோ?” ஓம் என்றேன். “அவனுக்கு அப்பவே சொன்னனான், நல்லாச் சாப்பிடு எண்டு. மூச்செடுக்காமல் கத்துறான்” என்றா.

அப்பாவின் படம் வீட்டில் இருக்கிறது, சேர்ட் இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது. அவருடைய ஒரு சத்தம்கூட எங்களிடம் இருக்கவில்லை, றிபாஸ். போனில் எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உலகம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும்தான் அது அவர் என்று அறியவில்லை.

கட்டுரையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆசிரியரைத் தை மாதம் வரை பொறுக்கச் சொன்னேன். நேற்றுவரை மோசமான பாட்டு, இன்றைக்கு அப்பாவின் கை என்றதும் நல்ல பாட்டா? அப்படி எழுதினால் நான் குறை சொன்ன பரிதாபக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

யது


தோஹா
13.12.2024

யது,

அம்மா வேலிப் பக்கம் போய் நின்றா என்ற இடத்தை என்னால் தாண்டி வாசிக்க முடியவில்லை. சுகிர்தனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவனும் பாதியில் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

கட்டுரையை எனக்காக மாற்ற வேண்டாம். அப்பாவுக்காகவும் வேண்டாம். அவர் இருந்திருந்தால், “அது பாட்டே இல்லை, சரியாத்தான் எழுதியிருக்கிறாள்” என்று உம்முடைய பக்கம்தான் நின்றிருப்பார். அந்த ஏற்றுமதி வரியை மட்டும் எடுத்துவிடும். சாவு அதற்குள் இல்லை, நெல்தான் இருந்தது.

இன்னொன்று. சுதா அந்த ஆல்பத்தைக் கறுப்பு இசைத்தட்டாகத் திரும்ப வெளியிடுகிறான். அட்டை மாசி மாதம் அச்சுக்குப் போகிறது. விஷயத்தை அவனிடம் சொன்னேன். ஐயாவுக்குக் கொடுத்த வாக்கு அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது. பின்பக்கத்தில், என் பெயருக்கு மேலே, ‘தகரம்: கதிர்காமநாதன்’ என்று போட ஆசைப்படுகிறோம். நான் பெயர் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்கும் உரிமை இப்போது அம்மாவுக்குத்தான் உண்டு. கேட்டுச் சொல்லும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குக் கடிதமே எழுதும். இரவு பகல் என்று திரும்பத் திரும்ப வாசிக்க அதுதான் நல்லது.

றிபாஸ்


விசுவமடு
25.01.2025

றிபாஸ்,

கட்டுரை போய்விட்டது. அச்சில் வருமுதல் உமக்குச் சொல்லவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எட்டுப் பாட்டில் மூன்றைக் குப்பை என்று எழுதியிருக்கிறேன். எவை என்று உமக்கே தெரியும். சுதாவுக்கும் தெரியும், அவன் ஒத்துக்கொள்ளமாட்டான். இரண்டு சுமார். ‘தகரம்’ தவிர மற்ற இரண்டும் நிற்கும். ‘மூன்றாம் போகம்’ பாட்டில் வருகிற

“ரெண்டு போகம் விதைச்சம்,
மூண்டாம் போகம் கதைச்சம்”

என்ற வரிக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். காலபோகமும் சிறுபோகமும் தவிர வேறு போகம் அறியாத மண்ணில், வாய்க்கு ஒரு விளைச்சல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் அந்த மூச்செடுக்காத பெடியன்தான். இருபத்திரண்டு வயதில் நான் அதை அற்புதம் என்றேன். முப்பத்திரண்டிலும் அதையே சொல்கிறேன், இந்த முறை ஏன் என்று காரணம் சொல்லியிருக்கிறேன்.

பரிதாபம் பற்றி நான் சொன்னதை நீக்கவில்லை, திருத்தியிருக்கிறேன். பரிதாபம் வந்தது உண்மை. ஆனால் பரிதாபப்பட்டவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பத்து வருடமாக ஏசி திருத்துகிற இடத்திலும் முல்லைத்தீவு பஸ்ஸிலும் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் வேறு ஆக்கள். ஆல்பத்தின் புகழ் அவர்களுடையது. ஆகவே தகும் என்று எழுதினேன். அரிசி, சீனி பற்றி நீர் சொன்னதை உம்முடைய பெயரோடு போட்டிருக்கிறேன். கோபித்தால் கோபியும்.

‘தகரம்’ பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை. அந்த அடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதினேன். ஷெல் என்று கேட்டவர்கள் முழுப் பிழையும் இல்லை, அந்தத் தகரம் யுத்தம் முடிந்து கிடைத்த தகரம்தானே. ‘எழுதுபவள் தகரம் அடித்தவரின் மகள். ஆகவே வாசகர்களே கேட்டு முடிவு செய்யுங்கள்’ என்று போட்டுவிட்டேன்.

ஆனால் முடிவு செய்ய வேறு ஒரு கூட்டம் இருந்தது. இந்தப் போகமும் கதிர் பால் பிடித்ததும் மயில்கள் வந்துவிட்டன. அப்பா போன பிறகு தகரம் அடிக்க ஆள் இல்லை, மூன்று வருடமாக மயில் தின்றது போக மிச்சம்தான் எங்களுக்கு. அம்மா ஒருநாள் சொன்னா, “சும்மா வீட்டுக்குள்ள போட்டுக் கேக்கிறதை விட, அதை வயலில கொண்டுபோய் வை. வேலையும் நடக்கும்.” என் ஸ்பீக்கரைப் பாலை மரத்தில் கட்டி, சுதாவை வெட்டிவிட்டு, அப்பாவின் அடியை மட்டும் சரியான வேகத்தில் ஓடவிட்டேன்.

முதல் நாள் ஒரு மயில் மிஞ்சவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், அப்பாவே எழும்பி வந்துவிட்ட மாதிரி. இரண்டாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் ஒரு பெரிய தோகைக்காரர் ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்று மேய்ந்தார். பழகிவிட்டார். பதிவு எத்தனை முறை ஓடினாலும் ஒரே இடத்தில்தானே டங்.

நான் வரம்பில் நின்று அழுதேன். அப்பா போய்விட்டார் என்பது அந்த மயில் சொல்லித்தான் எனக்கு விளங்கின மாதிரி இருந்தது. அம்மா அழவில்லை. “கொப்பர் எண்டா இவரை இப்பிடி விட்டிருப்பாரே?” என்று சொல்லிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, தகரத்தடியில் கிடந்த கம்பியை எடுத்தா. துருப்பிடித்த கம்பி. டங் டங் டங் என்று கோபத்தில் தொடர்ந்து அடித்தா. தாளமும் இல்லை, இடைவெளியும் இல்லை. மயில் எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டன. இப்போது ஒவ்வொரு நாளும் பின்நேரம் அவதான் அடிக்கிறா. பதிவு செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் அடி மாதிரி இல்லை. ஆனால் நெல் மிஞ்சும் போலிருக்கிறது.

பெயர் போடுவது பற்றி அன்றைக்கு வரம்பில் வைத்தே கேட்டேன். அப்பா வேண்டாம் என்று சொன்னதையும், கோயிலடியில் தலைகாட்டேலாது என்று சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். அம்மா கம்பியைக் கீழே வைக்காமலே தகரத்தைத் திரும்பிப் பார்த்தா.

“போடச் சொல்லு” என்றா. “அவருக்குக் கோவம் வந்தா, வந்து என்னோட கதைக்கட்டும்.”

யது